காலி செய்யாத கொரியாக்காரி

கிழக்குத் தாம்பரம்
20.8.2009

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் அசார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு தங்கள் அக்கா அஜீசா, மகள் மெஹ்னாஸ், நான், தாங்கள் போன வருடம் வாங்கிக் கொடுத்த டிவிடி பிளேயர் ஆகிய நால்வரும் அல்லாஹ் கிருபையால் சுகம். சிங்கப்பூரில் தாங்களும் பிள்ளைகளும் சளி, இருமல் இல்லாமல் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனிமேல் 'தாங்கள்' கிடையாது, 'நீ'தான். உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

போன மாதம் நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் தைலம் இருந்தது, சாக்லேட் இருந்தது, எனக்கு ஒரு அளவு சின்னதாகச் சட்டை இருந்தது. அதற்கெல்லாம் நன்றி. அடியில் எட்டு டிஸ்க் அடங்கிய கொரியா நாடகப் பெட்டி ஒன்றும் இருந்தது. 'கீழே இங்கிலீஷில் எழுத்து வரும், மெஹ்னாஸ் பார்த்தால் இங்கிலீஷ் தேறும்' என்று நீ சீட்டு எழுதி வைத்திருந்தாய். அவளோ, "வாப்பா, எனக்கு செமஸ்டர் இருக்கு, நீங்களே பார்த்துத் தேறிக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டலூருக்குக் காலேஜ் பஸ் ஏறிவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் ஆபீசில் இங்கிலீஷில் கடிதம் எழுதி ரிட்டையர் ஆனவன் நான். நான் எதில் தேற வேண்டும்? இருந்தாலும் எங்கள் ஏரியாவில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் கட், இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் சும்மா இருக்கிற பிளேயர் பாவம் என்று முதல் டிஸ்க்கைப் போட்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

அந்த நேரத்தில் முத்தாலம்மாள் வீட்டில் இருந்தாள். கோவளத்திலிருந்து கூடை தூக்கி வந்து நம் தெருவில் மீன் விற்கிறவள் என்று உனக்குத் தெரியும். விற்று முடித்ததும் நம் வீட்டுக் குழாயில் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உன் அக்கா போடுகிற டீயைக் குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போவாள். அவள் புருஷன் சின்னதம்பி நான்கு வருடத்துக்கு முன் கடலுக்குப் போனான். படகு வந்தது, அவன் வரவில்லை. அவள் அதைப் பற்றி அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அன்று உன் அக்காவும் அவளும் டீ டம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு பையன் புது வாடகை வீட்டுக்குள் பெட்டியோடு நுழைகிறான். உள்ளே வெள்ளை உடுப்பில், தலைமுடி சொட்டச் சொட்ட, ஒரு பெண் நிற்கிறாள்.

"இன்னா பாய், யாரு இந்தப் பொண்ணு? ஈரத் தலையோட நின்னுகினு கீது?" என்று முத்தாலம்மாள் கேட்டாள்.

'இவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது' என்று கீழே எழுத்து ஓடியது. நான் என்ன செய்வேன், சொல். காற்றில் காலண்டர் ஆடினாலே ஓதி ஊதுகிறவள் உன் அக்கா. பேய் என்று சொன்னால் பிளேயரைத் துணியில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள், எனக்கோ அதற்குள் கதை பிடித்துவிட்டது. முத்தாலம்மாள் முகத்தைப் பார்த்துச் 'செத்தவள்' என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. "முன்னாடி குடியிருந்த பொண்ணு. இன்னும் வீட்டைக் காலி பண்ணலை" என்றேன். யோசித்துப் பார்த்தால் இது முழுப் பொய்யும் அல்ல.

மச்சான், ஒரு பொய்யைச் சொல்வது சுலபம், அதை எட்டு டிஸ்க்குக்குக் காப்பாற்றுவது இருக்கிறதே, அதற்குத் தனி மூளை வேண்டும். அக்கம்பக்கத்தார் அவளைக் கண்டுகொள்ளாமல் போகிறார்களே என்று இரண்டு பெண்களும் கேட்டார்கள், பேச்சுவார்த்தை இல்லை, பழைய சண்டை என்றேன். அவள் ஏன் ஒருவாய் கூடச் சாப்பிடுவதில்லை என்றார்கள், நோன்பு என்றேன். சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகிறாளே என்றார்கள், அது கதவு, சுவர் கலரிலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், கொரியாவில் அதுதான் பேஷன் என்றேன். அந்தப் பையன் அவள் கையைப் பிடிக்கப் போகிறான், பிடிபடாமல் கையை இழுத்துக்கொள்கிறான். நிக்காஹ் ஆகாமல் தொடக் கூடாது என்று மரியாதையாக இருக்கிறான் என்று சொல்லிவைத்தேன். உன் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, எவ்வளவு அடக்கமான பிள்ளை. நம்ம மெஹ்னாஸுக்கு இப்படி ஒருத்தன் அமையணும்" என்று அன்றிலிருந்து ஐந்து வேளையும் அந்தப் பையனுக்கும் சேர்த்து துஆ கேட்டாள். முத்தாலம்மாள், இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனால் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். மூன்று மணி பஸ் அவள் இல்லாமலே போக ஆரம்பித்தது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் உன் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தது இந்த ஒரு மாதம்தான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் பயமும் வந்தது. பெட்டியின் பின்பக்கம் படித்துப் பார்த்தேன். செத்துத் திரும்பி வந்த அந்தப் பெண்ணுக்குப் பூமியில் நாற்பத்தொன்பது நாள்தான் தவணை. கடைசி டிஸ்க்கில் போய்விடுவாள். கல்யாணத்துக்குக் காத்திருக்கிற இரண்டு பெண்களிடம் நான் என்ன சொல்வது? ஊர் மாற்றல் என்று சொல்லலாமா, வேறு வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. போன வாரம் புதன்கிழமை ஏழாவது டிஸ்க் ஓடும்போது, தலைவலி என்று மெஹ்னாஸ் பாதி நாளில் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே இரண்டு நிமிடம் பார்த்தாள். நான், "வீட்டு ஓனர் நோட்டீஸ் கொடுத்துட்டார்னு சொல்லி அழுவுறா" என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன வாப்பா சொல்றீங்க? அவ செத்துப் போனவ. ஆத்துல விழுந்து செத்துட்டேன், என் உடம்புகூடக் கிடைக்கலைன்னு அழுவுறா" என்றாள் உன் மருமகள்.

நீ அனுப்பிய டிஸ்க் நன்றாகவே அவளுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிறது. உன் அக்கா எழுந்து டிவியை அணைத்தாள். ஆயத்துல் குர்ஸி ஓதி டிவி மேல் ஊதினாள், பிளேயர் மேல் ஊதினாள், கடைசியாக என் மேல் ஊதினாள், அதில் மட்டும் பரிவு தெரியவில்லை. முத்தாலம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஈரக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. உன் அக்கா எனக்கு டீ போடுவதை நிறுத்தினாள், பேச்சையும் நிறுத்தினாள். பேச்சு இல்லாமலாவது சமாளித்தேன். ஆனால் ஒரு பாவப்பட்ட பெண்ணின் மனதை நோகடித்துவிட்டோமே என்று இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் கூடைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியே வந்துவிட்டது.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வந்தாள். கூடையைக் கழுவவில்லை, டீ கேட்கவில்லை. நேராக டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"மொதல்லேர்ந்து போடு பாய். செத்தவ திரும்பி வந்து ரெண்டு வேளையும் அவன் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்திருக்கா, நீ வூடு, ஓனரு, நோட்டீஸுன்னு இன்னான்னாவோ சொல்லிகினு இருந்துட்ட. இந்த வாட்டி கீய எழுதிக்கீறத மட்டும் சொல்லு."

உன் அக்கா வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முத்தாலம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். யாருடைய பயத்துக்கு யார் கையைப் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ரமலான் பிறந்துவிட்டால் டிவி கிடையாது என்பதால் தினமும் இரண்டு டிஸ்க் போட்டோம். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். சர்வீசில்கூட நான் அவ்வளவு நேர்மையாக வேலை பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கடைசி டிஸ்க். காலை வெயில் வருகிறது, அவன் தட்டில் சோறு வைத்துவிட்டு அந்தப் பெண் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். கீழே 'குட்பை' என்று ஒரே ஒரு சொல். அதற்குத் தமிழ் எனக்கு வரவில்லை. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முத்தாலம்மாள்தான் சொன்னாள். "போய்ட்டு வர்றேன்னு சொல்றா பாய். சோறு ஆறிடும், துன்னுன்றா." திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், "அவரு அன்னிக்கி கொயம்புல உப்பு தூக்கலுன்னு கோச்சிகினு சொல்லாமயே பூட்டாரு" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்காவது டீ கிடைக்குமா என்று கேட்டாள். உன் அக்கா மூன்று டம்ளர் போட்டாள். என்னுடையதில் சர்க்கரையும் இருந்தது.

ஆனாலும் உன்னை மன்னிக்க முடியாது. உன் அக்கா இப்போது ஈரத் தலையோடு யாரைப் பார்த்தாலும் துண்டோடு துரத்துகிறாள். மெஹ்னாஸ் குளித்துவிட்டு வெளியே வரவே பயப்படுகிறாள். பகலிலும் எல்லா அறையிலும் விளக்கு எரிகிறது. துணி எடுக்க மாடிக்கு நானும் துணைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே மச்சான், வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கண்டிப்பாகச் சொல்கிறேன், இனி இந்த ஜென்மத்தில் கொரியா டிஸ்க் எதையும் இந்த வீட்டுக்கு அனுப்பாதே. தைலம் போதும்.

உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அனைவரின் சலாம். வரும் நோன்பு உங்களுக்கு லேசாக அமையட்டும், தொழிலில் பரக்கத் பெருகட்டும். சட்டை அளவு நாற்பத்திரண்டு என்பதையும் அல்லாஹ் உன் ஞாபகத்தில் வைப்பானாக.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
அயூப்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டு, மேலே உள்ளது எதையும் நீ கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதச் சொன்னாள். பெருநாள் கழித்து யாராவது ஊருக்கு வந்தால் இன்னொரு பெட்டி கொடுத்தனுப்பு. பேய் கட்டாயம் இருக்க வேண்டும், அதே பையன் நடித்திருந்தால் நல்லது. கீழே எழுத்து ஓடாத டிஸ்க் கிடைத்தாலும் பரவாயில்லை. இனிமேல் கதையை முத்தாலம்மாள்தான் சொல்லப் போகிறாள். என்னை டீ போடச் சொல்லியிருக்கிறார்கள்.