குட்டைக்கரையில் ஒரு மினுக்கு விளக்கு

குட்டைக்கரையைக் கடந்து ராசப்பன் தெருவுக்குள் திரும்பியபோது செங்காட்டுப்பாளையம் முழுவதும் இருண்டு கிடந்தது. அவர் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கினார்.

‘இறங்கினார்’ என்பது அவருடைய சொல். காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்த மனைவி மாசாணியம்மாளிடம் வேறு சொல் இருந்தது.

“ஏனுங்க, போன வாரம் லாரிக்காரன் தள்ளிப்போட்டான்னீங்க. இன்னைக்கு ஆருங்க தள்ளுனா?”

“கரண்ட் போயிருச்சு.”

“கரண்ட் போனா ஊரே சாக்கடையில உளுவுதுங்களா? இன்னொருக்கா அடிபட்டு வந்தீங்கன்னா சைக்கிள வித்துப்போடறேன். சோமனூருக்குத் தம்பி வண்டியிலயே போங்க.”

வாசலில் நின்ற தம்பி அங்கப்பனுக்கு அதில் மறுப்பில்லை. “நானாச்சுங்க்கா. மச்சானத் தக்காளிப் பொட்டியாட்டம் பின்னால கட்டி, நசுங்காமக் கொண்டுபோய் எறக்கிப்போடறேன்.”

ராசப்பனுக்கு ஒத்தடத்தையும் மீறிக் குளிர்ந்தது. சோமனூரில் ஒரு ஜவுளிக் கிடங்கில் துணியின் தரம் பார்ப்பவர் அவர்; ஒற்றை இழை விட்டிருந்தாலும் துணியைத் திருப்பி அனுப்பிவிடும் நேர்மையாளர். அப்படிப்பட்டவர், மைத்துனனின் டிவிஎஸ் 50-இல் பின்னால் அமர்ந்து, அவனுடைய உலக ஞானம் முழுவதையும் வழிநெடுகக் கேட்டுக்கொண்டு போய், நெசவாளர்கள் பார்க்க இறங்குவதா? சைக்கிள் இருக்கும் வரைதான் அவருக்கு மரியாதை இருந்தது.

எதிரே வரும் லாரிக்காரர்களின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே, கோயம்புத்தூர் டவுன்ஹால் நடைபாதையில் அந்தச் சிவப்பு மினுக்கு விளக்கை வாங்கி, சைக்கிளின் முன்புறம் மாட்டியிருந்தார். முதல் நாளே லாரிகள் மரியாதையாக ஒதுங்கின. விளக்கின் மீது குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஊருக்கு அவரைக் காட்டியதே தவிர, அவருக்கு ஊரைக் காட்டவில்லை. அதற்கு வீடுகளில் விளக்கெரிய வேண்டும். தெருவிளக்கோ சென்ற தேர்தலோடு தன் கடமையை முடித்துக்கொண்டிருந்தது.

அவர் ஆராய்ந்தார். விளக்கைக் கூட்டினால் லாரிகள் இன்னும் விரைவாக ஒதுங்கும். லாரிகள் விரைவாக ஒதுங்கினால் கரண்ட் போகுமுன்பே வீடு சேரலாம். தர்க்கத்தில் ஓர் இழையும் விட்டிருக்கவில்லை.

மறுநாள் இரண்டாவது விளக்கு ஏறியது. ராசப்பன் முன்னதாகவே குட்டைக்கரையை அடைந்தார். கரண்டும் முன்னதாகவே போயிற்று.

அதற்கு அடுத்த நாள் மூன்றாவது விளக்கை வாங்கித் தலைப்பாகையின் உச்சியில் கட்டிக்கொண்டார். உயரத்தில் இருந்தால் தொலைவிலேயே தெரியும் அல்லவா? தெரிந்தது. அவர் கரையின் மறுகோடியில் இருக்கும்போதே ஊர் அணைந்தது. விசைத்தறிக் கூடங்களின் இரைச்சல்கூட நின்றுபோயிற்று.

ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலருகே வழக்கம்போல் மூன்றையும் அணைத்தார். தெருவுக்குள் லாரி வராது, பேட்டரியை வீணாக்குவானேன்? இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

“ஆருங்க அது?” என்றாள் டீக்கடை ராமாமணி.

“நாந்தானுங்க, ராசப்பன்.”

“அட, நீங்களுங்களா! நான் வேற ஆரோன்னு பயந்துபோட்டேன். உக்காந்து ஒரு டீ குடிங்க. கரண்ட் இப்ப வந்துரும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மணி?”

“தெனமும் வருதல்லங்க?” என்று அவள் டம்ளர் கழுவுவதில் மும்முரமானாள்.

ராசப்பன் டீ குடிக்கவில்லை. அங்கிருந்து புறப்பட்டவர், தெருவில் படுத்திருந்த எருமையின் மீது மோதி, வேட்டி கிழிந்து வீடு சேர்ந்தார்.

“உளுகல. முட்டிக்கிட்டேன்,” என்று திருத்தமாகச் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம ஆளு வாரானுங்க, சைக்கிளப் பாக்க,” என்றாள் மாசாணியம்மாள், அதைவிடத் திருத்தமாக.

இனி ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் மின்வாரிய அலுவலகத்துக்கே சென்று, லைன் இன்ஸ்பெக்டர் ரூபனிடம் முறையிட்டார்.

“உங்கூர் லைன நாங்க நிறுத்தறதே இல்லீங்களே!” என்றார் ரூபன்.

“நேர்ல வந்து பாருங்க. தப்பு கரண்டு மேலதான்னு எங்கூட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. என்ற சைக்கிள் பொழச்சுக்கும்.”

ரூபனுடைய வண்டி பழுதுபார்க்கப் போயிருந்தது. ஆகவே அன்று மாலை அவர் ராசப்பனின் சைக்கிள் கேரியரிலேயே ஏறிக்கொண்டார். மூன்று விளக்குகளும் மினுக்க, குட்டைக்கரையில் இருவரும் மிதந்து வந்தனர்.

எதிர்க்கரையில் ஊர் அணையத் தொடங்கிற்று.

“பாத்தீங்களா!” ராசப்பனின் குரலில் பல நாள் அவமானம் வெற்றியாக மாறி ஒலித்தது.

“பாத்தனுங்க,” என்றார் ரூபன் மெதுவாக. “ஆனா லைன்ல கரண்ட் போனா எல்லா ஊடும் ஒண்ணா அணையோணுமல்லங்க? இது ஒண்ணொண்ணா அணையுதே!”

“அதத்தான் ரிப்பேர் பண்ணச் சொல்றேன்.”

பிள்ளையார் கோயிலருகே விளக்குகளை அணைத்துவிட்டு, ராசப்பன் தம் வீட்டை நோக்கிச் சைக்கிளைப் பெருமிதத்துடன் தள்ளினார். ரூபன் ஒவ்வொரு மின்கம்பமாக அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் வந்தார்.

வாசலை அடைந்ததும், மாசாணியம்மாளைச் சாட்சிக்கு அழைக்க ராசப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் ரூபன் அவர் தோளைத் தொட்டு மேலே காட்டினார். கூரையின் மீது, மின்கம்பிக்கருகில், கையில் நீண்ட மூங்கில் கழியோடு ஓர் உருவம் குந்தியிருந்தது. அது கீழே நின்ற இருவரையும் பார்க்காமல், சமையலறைப் பக்கமாகக் குனிந்து, அங்கப்பனின் குரலில் கிசுகிசுத்தது:

“அக்கா, நம்ம கொக்கியையும் கம்பியில இருந்து எடுத்துப்போட்டேன்! குட்டக்கரையில மினுக்குன கரண்டாபீஸ் ஜீப்பு போவட்டும், மச்சான் ஊடு வந்து சேர்றதுக்குள்ள மறுக்கா மாட்டிப்போடறேன்.”