போதகர் நெற்றியில் ஏறிய சாப்பாட்டுப் பெட்டி

கிறிஸ்துவுக்குள் பிரியமான தம்பி பியோங்-தோக்கிற்கு,

தெகுவிலிருந்து அக்கா மல்-சூன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் உன் அத்தானுடைய முழங்காலைத் தவிர இங்கே யாவரும் சுகம். சியோலில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். வெப்சைட் கம்பெனியில் வேலை பார்க்கும் நீ உடனே எனக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நூலகப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானே கட்டிய நம் சபையின் இணையப் பக்கம் வரும் ஞாயிறு என் கையை விட்டுப் போய்விடும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்கம் பத்தரைமாற்றுத் தங்கம். சபை அலுவலகத்தில் இருப்பதோ ஆதாம் காலத்து பிரவுசர். வங்கிக் கணக்கு அதில்தான் திறக்கும் என்பதால் மாற்றவும் விடமாட்டார்கள். மெனுமேல் மௌஸைக் கொண்டுபோனால் கீழ்ப்பட்டியல் விரிய வேண்டும் அல்லவா, அதில் அசையவே இல்லை. லிங்க்காக இருந்தால்தான் மௌஸ் தொட்டது அதற்கு உறைக்குமாம், மற்றதை எவ்வளவு தடவிக் கொடுத்தாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் (கர்த்தர் மன்னிப்பாராக). சரியென்று லிங்க் ஆக்கினேன், விரிந்தது, மௌஸ் கீழே இறங்குவதற்குள் மறைந்தது, நடுவில் மயிரிழை இடைவெளி. அதை அடைத்தேன். பட்டியல் தன் தாய் மெனுவை விட்டுவிட்டுப் பக்கத்தின் மூலைக்கு ஓடிவிட்டது. யாரை ஒட்டி நிற்க வேண்டும் என்று எழுதவில்லையாம். எழுதினேன்.

பிறகுதான் வந்தது வினை. ஒன்றின்மேல் ஒன்று விழும்போது எது மேலே நிற்பது என்று எண் கொடுக்க வேண்டுமே, பெயரைத் தொட்டால் விரியும் படங்களுக்கு நான் சபை வரிசைப்படி கொடுத்தேன்: போதகர் ஆயிரம், மூப்பர்கள் நூறு, நம்மைப் போன்றவர்கள் பத்து. இது எப்படியோ மூப்பர் பியோன் காதுக்குப் போய்விட்டது.

"எனக்கு எவ்வளவும்மா போட்டிருக்க?"

"நூறுங்கய்யா."

"பாட்டுக்குழு தலைவருக்கு?"

"நூத்தம்பதுங்கய்யா... அவர் படம் கொஞ்சம் அகலம்."

மூப்பர் முகம் கிம்ச்சிபோல் சிவந்தது. அந்த நேரம் பார்த்து போதகர் வந்து மௌஸைத் தன் பெயர்மேல் வைத்தார். அவர் படம் விரிந்தது. ஞாயிறு மதியத்துக்கு யாருக்கு நூடுல்ஸ், எத்தனை பேருக்கு அரிசி களைய வேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் வைத்திருந்த தேர்வுப் பெட்டி, ஆயிரத்தையும் மதிக்காமல், அவர் நெற்றியில் ஏறிக்கொண்டது.

போதகர் சிரித்துவிட்டார். "பரவால்ல சிஸ்டர், நெத்தியில 'கல்குக்சு நூடுல்ஸ்'னு இருந்தா யாரும் பிரசங்கத்துல தூங்கமாட்டாங்க."

மூப்பர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா என் மருமகன் ஆபீஸ்ல குடுத்துடுவோம். அவன் படிச்சு செய்றவன், புத்தகத்த பாத்து செய்றவன் இல்ல."

எந்த எண் போட்டும் அந்தப் பெட்டி இறங்கமாட்டேன் என்கிறது. உபவாசம் இருந்தும் பார்த்துவிட்டேன். வழி எழுது தம்பி, உனக்குப் புண்ணியமாகப் போகும். உன் வீட்டாருக்குக் கர்த்தருடைய சமாதானம் உண்டாவதாக.

உன் அக்கா,
மல்-சூன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிறே வந்துவிட்டது. மருமகன் வந்தார், பார்த்தார், மெனு நிற்க நான் முட்டுக்கொடுத்து எழுதிய வரிகளில் ஒன்றே ஒன்றை அழித்தார். மெனு மொத்தமும் பக்கத்தின் அடியில் போய் விழுந்தது, பாட்டுக்குழு தலைவர் மட்டும் நடுவில் நின்றார். "மாமா, இது கட்டினவங்களுக்கு மட்டும்தான் நிக்கும். என்னைய விட்ருங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கம் இனி என்றென்றைக்கும் எனக்கே. ஆகவே வழி எதுவும் எழுதிவிடாதே. சரியாகிவிட்டால் அடுத்தவருக்கும் புரிந்துவிடும்.