பட்டியலில் விடுபட்ட அகராதி

"ஒரு குண்டூசிகூட விடுபடாது" என்று வக்கீலின் மேஜையைத் தட்டிச் சபதம் போட்டார் ஸ்டோர்கீப்பர். முப்பத்தோரு வருஷம் ஒரு தொழிற்சாலைக் கிடங்கைக் கட்டி ஆண்டவர். பட்டியல் போடுவது அவருக்குக் கைவந்த கலை. அதனால்தானோ என்னவோ, மனைவியின் அண்ணன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார்.

மச்சான் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். எங்காவது ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. உயிலிலும் ஒரு கமா பிசகவில்லை. பட்டியலில் ஏறும் துணிமணியும் தட்டுமுட்டுச் சாமானும் முதியோர் இல்லத்துக்கு. பட்டியலில் ஏறும் புத்தகங்கள் வாசகசாலைக்கு. கடைசியாக ஒரு வரி: 'பட்டியலில் விடுபட்டுப்போன எச்சம் எதுவாயினும் என் தங்கையைச் சேரும்.'

"எச்சம்னா காக்கா போடுறதுதானே?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"மிச்சம் மீதின்னும் அர்த்தம் இருக்கு சார். போனவங்க விட்டுட்டுப் போறது" என்றார் வக்கீல்.

ஸ்டோர்கீப்பர் சிரித்துவிட்டார். அவர் பட்டியலிலாவது, விடுபடுவதாவது. அந்த வரி வெறும் அலங்காரம் என்று அப்போதே மறந்தும் போனார்.

மறுநாள் மச்சானின் இரண்டு அறை வீட்டில் கணக்கெடுப்பு தொடங்கியது. கரண்டி ஏழு. வாளி இரண்டு, ஒன்று ஒழுகல். கூடவே வந்த மனைவி, கொடியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை நான் வெச்சுக்கறேங்க. நான் பின்னினது."

"பின்னினது நீதான். குடுத்துட்டேல்ல? குடுத்தப்புறம் அது மச்சான் சொத்து."

"முழங்கையில ஓட்டைங்க."

"ஓட்டையையும் எழுதியாச்சு."

அவள் ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று ஸ்டோர்கீப்பருக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த சாமானை எழுதினார். எழுதாமல் நின்றால் அவரும் ஒரு குழாயைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் தனியாக வந்து புத்தக அலமாரியில் கை வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வரை தடங்கலில்லை. இருநூற்றுப் பதின்மூன்றாவதாகக் கைக்கு வந்தது அகராதி. முதுகு பிய்ந்து, டேப் ஒட்டிய தடிமனான அகராதி.

இருபது வருஷமாக, சாயங்காலம் ஏழு மணிக்கு மச்சானும் அவரும் அதை வைத்து ஆடுவார்கள். ஒருவர் ஒரு சொல்லைக் கேட்க, மற்றவர் பொருள் சொல்ல வேண்டும். தோற்றவர் மூன்று பேருக்கும் டீ போட வேண்டும். மூன்றாவது ஆள் தங்கைக்காரி, பின்னல் ஊசியோடு நடுவர். மச்சானின் பிரம்மாஸ்திரம் 'எச்சம்'தான். இவர் காக்கையைத் தாண்டியதே இல்லை. "இன்னும் இருக்கு மாப்பிள்ளை" என்பாரே தவிர, என்ன இருக்கிறது என்று மச்சான் சொன்னதில்லை.

பக்க ஓரமெல்லாம் பென்சிலில் 'மா. தோல்வி' என்று தேதியோடு இருந்தது. கடைசித் தேதி ஆஸ்பத்திரியில் போட்டது. எழுத்து கோணலாக இருந்தது. ஸ்டோர்கீப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு நாளாக வராத அழுகை அன்றைக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், பட்டியலை இருநூற்றுப் பன்னிரண்டோடு முடித்தார். வாழ்க்கையில் முதல் திருட்டு.

வீட்டில் எங்கே ஒளிப்பது? தலையணை உறைக்குள் சொருகினார். ஒரே வாரத்தில் கழுத்து வலப்பக்கம் பார்த்தே நின்றுவிட்டது. இடப்பக்கம் நிற்கும் மனைவியோடு பேச, ஆளே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.

"கழுத்துக்கு என்னங்க?"

"வேலைப் பளு."

"தலையணை உறையெல்லாம் துவைக்கப் போடட்டுமா?"

"வேண்டாம். சுத்தமாத்தான் இருக்கு."

பட்டியல் வக்கீலிடம் போனது. கையெழுத்தானது. வாசகசாலை புத்தகங்களை அள்ளிக்கொண்டது. ஸ்வெட்டர் முதியோர் இல்லத்துக்குப் போனது. எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மனைவி இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். அவருடைய தலையணையைக் கொண்டுவந்து, உறையை உருவி, அகராதியை அவர் மடியில் வைத்தாள்.

"இது பட்டியல்ல எத்தனாவது நம்பர்?"

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"நம்பர் இல்லையா? அப்ப எச்சம். என்னுது."

அப்போதுதான் அவருக்கு உயிலின் கடைசி வரி ஞாபகம் வந்தது. "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"அண்ணன் உயில் எழுதறப்பவே. மாப்பிள்ளைக்குன்னு எழுதினா, நிறைவேத்தறவன் எடுத்துக்கறது தப்புன்னு நியாயம் பேசி வாசகசாலைக்கே குடுத்துடுவார், திருட விட்டாத்தான் வீட்டுக்கு வரும்னு சொன்னார்." தலையணை உறையை மடித்தாள். "எனக்காக அந்த ஸ்வெட்டரையும் விட்டுடுவீங்கன்னு பார்த்தேன்."

அவர் முகம் செத்துப்போனது. நாளைக்கே போய்க் கேட்டு வாங்கிவருவதாகச் சொன்னார்.

"வேண்டாம். யாராவது போட்டிருப்பாங்க. குளிருது."

அவர் அகராதியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள்.

"கிடங்குல எல்லாரும் சொன்னது சரிதான். அகராதி பிடிச்ச மனுஷன்தான் நீங்க."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளுக்கும்தான். அவள் அகராதியை வாங்கிப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள்.

"எச்சம்னா?"

ஸ்டோர்கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார், கழுத்து விட்ட வரைக்கும். இருபது வருஷக் கடனை அடைக்கும் நேரம். "மிச்சம் மீதி. ஒருத்தர் போனப்புறம் விட்டுட்டுப் போறது."

மனைவி பக்க ஓரத்தில் அண்ணனின் பென்சில் எழுத்தைப் படித்தாள்: "'உயிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். காப்பி அடித்த பதில் செல்லாது. டீ மாப்பிள்ளைதான்.'"

அவர் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் கொட்டியது. கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"தண்ணி போதுங்க. ரெண்டு பேருக்குத்தான்."