அம்மா சாகாத படம்

மனிதர்கள் நடித்த சூப்பர் ஹீரோ படங்களிலேயே சிறந்தது எது? என் மகள் பிறந்த மாதம் முழுக்க என் தலைமாட்டில் நடந்த விவாதம் இது. அவளுக்கு இப்போது மூன்று வயது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். மலேசியாவின் கிள்ளானில் பிறந்த தமிழ்க் குழந்தைகளில் பாதிப் பேர் காதில் முதலில் விழுந்தது தாலாட்டு இல்லை, இந்தக் கேள்விதான். கேட்டவர் முதல் ஷோ ஆன்ட்டி.

பிள்ளை பெற்ற வீடுகளுக்குக் காலையில் போய், தாய்க்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிவிட்டு வருவது அவர் தொழில். சூப்பர் ஹீரோ படம் எது வெளியானாலும் முதல் நாள் முதல் காட்சிக்குப் போவது அவர் மதம். அன்று கிள்ளானில் எந்தக் குழந்தைக்கும் குளியல் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் நிறைமாதமாக இருந்தபோது அவரைப் பேசி வைக்கப் போனேன். டாக்டர் கொடுத்த தேதியைக் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் வரப்போகும் படங்களைத் தேடினார். எங்கள் பக்கம் பலர் நல்ல நாள் பார்க்க ஐயரிடம் போவதற்கு முன் இவரிடம் கேட்டுவிடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

"ஒரே ஒரு நாள்தான் இடிக்குது. தாப்பா லா, அன்னைக்கு நீயே குளிப்பாட்டிக்க" என்றார்.

அவருக்கு அது தாப்பா, பரவாயில்லை. எனக்கு அன்று தொடங்கியது தூக்கமின்மை.

நான் படித்தவள்தான். குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் மூன்றை அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னதால் எதையும் விட்டுவிடக் கூடாது என்று மூன்றையும் ஒரே நேரத்தில் பின்பற்ற முயன்றேன். குழந்தை அழுதால் எந்தக் கையை முதலில் நீட்டுவது என்று யோசித்து நிற்பேன். அதற்குள் அவள் அழுது முடித்துத் தூங்கியிருப்பாள். இப்படிப்பட்டவள் எண்ணெய் பூசிய பச்சைக் குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட வேண்டும். என் அம்மாவும் மாமியாரும் ஆளுக்கு ஒரு வாரம் வந்திருந்துவிட்டு, லீவு முடிந்ததும் போய்விடுவதாக ஏற்பாடு. அந்த ஒரு நாள் அதற்குப் பிறகு வந்தது.

ஆன்ட்டி வந்த முதல் நாளே விவாதம் தொடங்கிவிட்டது. என் கணவர் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். சூப்பர் ஹீரோ படங்களில் தன்னை ஒரு நிபுணர் என்று நினைத்திருந்தவர். எனக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவர் அறைக்குள் வரக்கூடாது. அதனால் கதவுக்கு வெளியே நின்று பேசுவார், ஆன்ட்டி உள்ளேயிருந்து பதில் சொல்வார், நடுவில் என் முதுகு கிடக்கும். அவர் வெளியே ஒரு கருத்துச் சொன்னால் உள்ளே என் எலும்பு ஒன்று சத்தம் போடும். ஒருநாள் அவர் ஆன்ட்டிக்குப் பிடித்த ஒரு படத்தைக் குப்பை என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு நாள் சாய்ந்தே நடந்தேன்.

கணவருக்குப் பிடித்த படத்தில் எப்போதும் மழை பெய்யும். கதாநாயகன் கட்டட உச்சியில் அசையாமல் நிற்பான். ஆன்ட்டிக்கு அதில் உடன்பாடு இல்லை.

"அவ்ளோ மழையில நிக்கிறான், வீட்டுக்கு வந்து தலைய தொவட்டினானா தம்பி? படம் முழுக்கத் தொண்டை கட்டின மாதிரியே பேசுறான், பாத்தியா இல்லியா?"

வெளியே கணவர் அது கம்பீரமான குரல் என்றார்.

"கம்பீரம் இல்ல லா, சளி."

கார்ட்டூன் படங்களை அவர் போட்டியில் சேர்ப்பதே இல்லை. கோடு போட்டு வரைந்த பொம்மைக்கு எலும்பு ஏது, எலும்பு இல்லாதவன் அடிபட்டால் நான் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பது அவர் வாதம். நிஜ மனிதன் நடிக்க வேண்டும், விழுந்தால் வலிக்க வேண்டும். திரையில் யாராவது சுவரில் மோதினால் இவர் கை தானாகவே எண்ணெய் தேடுமாம்.

தியேட்டரில் கைப்பேசி அவருக்குப் பரம விரோதி. கிள்ளானில் ஒரு பேரங்காடித் தியேட்டரில் படம் ஓடும்போது முன்வரிசைக்காரர் ஒருவர் போனைத் திறந்து வெளிச்சம் காட்டியிருக்கிறார். ஆன்ட்டி எட்டி அவர் தோளில் ஒரு நரம்பைப் பிடித்து அழுத்தினார். போன் தானாகக் கீழே விழுந்தது. அந்த மனிதருக்குப் பல வருடமாக இருந்த கழுத்து வலியும் அன்றோடு போனதாகவும், அடுத்த படத்துக்கு அவர் வேண்டுமென்றே போனைத் திறந்துகொண்டு ஆன்ட்டிக்கு முன்னால் உட்கார்ந்ததாகவும் சொல்வார்கள்.

இரண்டாவது வாரம் ஆன்ட்டி தன் உண்மையான அளவுகோலை வெளியே எடுத்தார். சண்டை, பறப்பது, உடை எதுவும் அவருக்கு முக்கியம் இல்லை. ஹீரோவின் அம்மா என்ன ஆனாள்? அதை மட்டும்தான் பார்ப்பாராம்.

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த படங்களில் ஒருத்தி தீயில் போனாள், ஒருத்தி விமானத்தில் போனாள், ஒருத்தி கதை தொடங்கும் முன்பே மாலை போட்ட படமாகிவிட்டாள். பிள்ளைக்குச் சக்தி வர வேண்டுமென்றால் முதலில் பெற்றவள் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம் போலிருந்தது. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளுக்குச் சொல்லக்கூடிய விஷயமா இது? இரண்டு நாள் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

"அம்மா செத்தாத்தான் ஆன்ட்டி கதை நகரும்" என்று கதவுக்கு வெளியே கணவர் விளக்கினார். "அம்மா இருந்தா, எங்கடா கெளம்பிட்டன்னு கேப்பாங்க. அப்புறம் எங்க உலகத்த காப்பாத்துறது?"

ஆன்ட்டியின் கை என் முதுகில் நின்றது.

"அப்ப நகர வேணாம். கதை அங்கயே இருக்கட்டும்."

இத்தனை வருடமாக அவர் முதல் காட்சிக்கு ஓடியதற்குக் காரணம் அதுதான். ஏதாவது ஒரு படத்தில், ஒரே ஒரு அம்மாவையாவது கடைசிவரை உயிரோடு விட்டுவைத்திருப்பார்களா என்று பார்க்கத்தான் போனார். முதல் காட்சி ஏன் என்று கேட்டேன். இரண்டாம் காட்சிக்குள் அம்மா செத்த சேதி வெளியே வந்துவிடுமாம்.

அந்த ஒரு நாள் வந்தது. முந்தின நாள் ஆன்ட்டி டீ ஊற்றுவதைப் பற்றிப் பேசுவது போல, "நாளைக்கு நீயே ஊத்திரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவருக்குக் காலை ஷிஃப்ட். ஒரு நாள் குளிக்காவிட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு புத்தகம் ஆறுதல் சொன்னது. ஆனால் இன்று தப்பித்தால் நாளையும் தப்பிப்பேன். மகள் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் ஆன்ட்டி வந்துதான் குளிப்பாட்டுவார் என்று தோன்றியது.

குளியலறையில் சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டினேன். குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்தேன். அதுவரை சரி. பிறகு அவள் ஒருமுறை நெளிந்தாள். அப்போதுதான் பிடித்த மீன் போல வழுக்கினாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் மொள்ள மூன்றாவது கை இல்லை. விட்டால் விழுந்துவிடுவாள், தூக்கினால் நழுவிவிடுவாள். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் அழ, நானும் அழுதேன். பக்கத்தில் வைத்திருந்த கைப்பேசியில் சுண்டுவிரலால் ஆன்ட்டியின் எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். எடுக்க மாட்டார் என்று தெரியும். தியேட்டரில் போன் வைத்திருப்பவனின் நரம்பைப் பிடிப்பவர் அவர். இருந்தாலும் வேறு யாரை அழைப்பது?

முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் ஏதோ நகரம் இடிந்து விழும் சத்தம்.

"ஆன்ட்டி, பாப்பா கால்ல இருக்கு. எண்ணெய் போட்டுட்டேன். விழுந்துரும் ஆன்ட்டி."

"இரு. வெளிய வரேன்."

யாரோ அவரைத் திட்டுவது கேட்டது. நகரம் இடியும் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது, ஒரு கதவு மூடியது, சோளப்பொரி வறுபடும் ஓசை வந்தது.

"ரெண்டு காலையும் சேத்து வெச்சியா? இடுக்கு விடாத. இப்ப பாப்பா எங்க போகும்?"

"தெரியல ஆன்ட்டி."

"எங்கயும் போகாது. ஒன் காலு பள்ளம், அது தண்ணி. ஒரு கைய எடு."

"பயமா இருக்கு."

"பயம் இருக்கட்டும். கைய எடு."

எடுத்தேன். விழவில்லை. தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவள் அழுகையை நிறுத்தி, யாரடா இவள் என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு என் மேல் சிறுநீர் கழித்தாள். அதையும் ஆன்ட்டியிடம் தெரிவித்தேன். "அதுவும் தண்ணிதான், மேல ஊத்து" என்றார். மூக்கு, காது, கழுத்து மடிப்பு என்று ஒவ்வோர் இடமாக ஊர்வலம் போனோம். தலை துவட்டி, பவுடர் போட்டு, சாம்பிராணி காட்டும்வரை அவர் போனை வைக்கவில்லை. முடியும் நேரத்தில் அந்தப் பக்கம் கதவுகள் திறந்து, நிறையப் பேர் பேசிக்கொண்டே வெளியே வரும் சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி, படம்?"

"அது முடிஞ்சிருச்சு போல. நீ போய் சாப்பிடு."

அன்று மாலை என் கணவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலை, முடிவைச் சொல்லத் துடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார்.

"தம்பி, முடிவ சொன்னின்னா, ஒம்பொண்டாட்டி முதுகு எங்கையில இருக்கு" என்றார் ஆன்ட்டி.

நானும் கணவர் பேசாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பிறகு ஆன்ட்டியே தீர்ப்பு வழங்கினார். இதுவரை வந்ததிலேயே சிறந்த சூப்பர் ஹீரோ படம் அதுதான், இனி விவாதம் கிடையாது.

"நான் வெளிய வர்ற வரைக்கும் அந்தம்மா உயிரோட இருந்தா லா. அடுப்படியில நின்னு சூப் ஆத்திக்கிட்டு இருந்தா. மவன் பறந்து போறான், சன்னல் வழியா, சாப்ட்டு போடான்னு கத்துறா. இதுக்கு மேல ஒரு படத்துக்கு என்னா வேணும்?"

ஆன்ட்டியிடம் ஒரு நாளும் தோற்றதில்லை என்று பெருமை பேசும் என் கணவர் கடைசியில் குரலை இறக்கி, "ஆமா ஆன்ட்டி, இதுதான் பெஸ்ட்டு" என்றார்.

அவர் குரல் ஏன் அப்படி இருந்தது என்று பிறகு வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தபோது புரிந்தது. சூப் ஆறுவதற்குள் கூரை இடிந்து விழுகிறது. அந்த அம்மா கூரைக்கு அடியில்.

இப்போது எனக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது. ஆன்ட்டியைத்தான் பேசி வைத்திருக்கிறேன். போன வாரம் அழைத்தார். அவர் மகன் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கிக் கொடுத்திருக்கிறாராம், அந்தப் படம் அதில் வருகிறதாம். ஒரு படத்தை இரண்டாம் முறை பார்ப்பது அவர் வழக்கம் இல்லை. ஆனாலும் சிறந்த படம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு முடிவு தெரியாமல் இருப்பது மரியாதை இல்லையே, உன் பிரசவத்துக்கு முன்னால் பார்த்துவிடுகிறேன் என்றார். டிவியை அதிகம் பார்த்தால் கண்ணுக்குக் கெடுதல் என்று மட்டும் சொன்னேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லதா? அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? கூரை விழும் இடத்தில் கரண்ட் போக ஏதாவது வழி உண்டா என்று என் கணவர் தீவிரமாக யோசிக்கிறார். வாசகர்களில் பக்குவமானவர்கள் இருப்பீர்கள், தயவுசெய்து எழுதுங்கள். சொல்வதென்றால் போனில் சொல்லக் கூடாது, நேரில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன வார்த்தை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.