உன் அம்மாவின் கால் வீக்கமும் விலாங்கு மருந்தும்

கட்வா
ஆவணி மாதம், வியாழன்

சிரஞ்சீவி பல்டுவுக்கு மாமா ஷிதிகண்டன் ஆசிகளோடு எழுதுவது. புனேயில் நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை சௌக்கியம், கங்கை சௌக்கியம், நானும் சௌக்கியம். உன் அம்மா சௌக்கியமில்லை. அவள் பிடிவாதம் மட்டும் முன்னைவிடப் பலமாக இருக்கிறது.

ஒரு மாதமாக அக்காவுக்கு இரண்டு காலும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நம் வீட்டுக்கு நாற்பது வருஷமாக ஹோமியோபதி பார்க்கும் டாக்டர் நந்தியிடம் கூட்டிப்போனேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் அப்படியே நின்றது. வெள்ளை உருண்டைகள் கொடுத்தார். அக்கா வாங்கி வாயருகே கொண்டுபோய், "இது எதுல பண்ணினது?" என்று கேட்டாள். நான் இருமினேன், கண்ணைக் காட்டினேன், மேஜைக்கடியில் அவர் காலைக்கூட மிதித்தேன். மனிதர் பெருமையாக, "விலாங்கு மீனோட ரத்தம்மா!" என்றார்.

உன் அப்பா போனதிலிருந்து, விதவை ஆசாரம் என்று பன்னிரண்டு வருஷமாக அவள் மீன் தொட்டதில்லை. உருண்டை மேஜைக்குத் திரும்பியது. "மீனெல்லாம் இதுல இல்லம்மா. ஒரு துளியை நூறு துளியில கலந்து, அதுல ஒரு துளியை இன்னொரு நூறுல கலந்து, இப்படியே முப்பது தடவை!" "அப்போ என்னை எது குணப்படுத்தும்?" "மீனோட சக்தி." "மீன் அசைவம், அதோட சக்தி மட்டும் சைவமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

நான் விடுவேனா? புரோகிதர் ஹரிசாதன் பட்டாச்சாரியரிடம் போனேன். "முப்பது தடவை கலக்கினா அதுல என்னய்யா இருக்கும்? ஒண்ணும் இல்லை, வெறும் சர்க்கரை. தாராளமா சாப்பிடலாம்" என்றார். இதை அக்கா முன்னாலேயே சொல்லட்டும் என்று அவரையும் டாக்டரையும் வீட்டுக்கு அழைத்தேன். அது என் புத்தியில்லாத்தனம். "ஒண்ணுமே இல்லையா? முப்பதாவதுலதான்யா மீன் முழுப் பலத்தோட இருக்கு!" என்று டாக்டர் குதிக்க, "முழுப் பலத்தோடன்னா கூடவே கூடாது" என்று புரோகிதர் தீர்ப்பை மாத்திட்டார். டாக்டருக்குத் தலைக்கேறிப் போச்சு. "இந்த அம்மா பத்து வருஷமா என்கிட்ட கணவாய் மையில பண்ணின மருந்து சாப்பிடறாங்க, என்ன கெட்டுப்போச்சு?"ன்னு கத்திட்டார். அக்கா மெதுவா, "கணவாய்னா கடல்ல இருக்குமே, அதுவா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். வீங்கின காலோட படித்துறைக்குப் போய் மூணு முழுக்குப் போட்டாளா, பாசியில வழுக்கி இடது கால் சுளுக்கி, இப்போ அது வலதைவிட ரெண்டு மடங்கு.

மறுநாள் உருண்டைகளைப் பொடித்து நாலு சந்தேஷ் இனிப்புக்குள் வைத்தேன். தப்புதான். ஆனால் அக்காவை விசாரிக்க வந்த பட்டாச்சாரியர் நாலையும் சாப்பிட்டுவிட்டு, முழங்கால் வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறார்.

பல்டு, நீ சிரிப்பாய். உன் அப்பாவுக்கும் இப்படித்தான் காலில் ஆரம்பித்தது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நானேதான் சொன்னேன். இன்னொரு தடவை என்னால் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. மருந்து அவள் நாக்குக்கு அடியில் போகும்வரை நான் ஓயப்போவதில்லை, இது முடிவு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "மாமா குடுக்கறதைச் சாப்பிடு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் கேட்பாள்.

மருமகளுக்கு என் ஆசி. எல்லோரும் ஆரோக்கியமாகவும் சொன்ன பேச்சைக் கேட்பவர்களாகவும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் மாமா
ஷிதிகண்ட பௌமிக்

பி.கு.: போன் பண்ண வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் அக்கா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். என்னிடம் சொல்லாமல், பக்கத்து வீட்டு நர்ஸோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்களாம். ஒரு கோளாறும் இல்லை. நீ போன துர்கா பூஜைக்கு வந்தபோது ஆரம்பித்துவைத்தாயே ரத்தக்கொதிப்பு மாத்திரை, வீக்கம் அதனாலாம். வேறு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற வழியில் கடைத்தெருவில் இறங்கி ஒரு முழு இலிஷ் மீன் வாங்கி வந்திருக்கிறாள். "பத்து வருஷம் தெரியாம சாப்பிட்டாச்சுடா. இனிமே தெரிஞ்சே சாப்பிடறேன், ஒரு தடவைகூடக் கலக்காம" என்று சொல்லிவிட்டுக் கடுகு அரைக்க உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரையும் பட்டாச்சாரியரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு முள் நிறைந்த வால் துண்டுதானாம்.