என் பழைய சாக்ஸும் உங்கள் நிதிக்குழுவும்

மாண்புமிகு நிதிக்குழு உறுப்பினரும் என் மனைவியின் ஒரே தம்பியுமாகிய தங்களுக்கு, ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகராகிய உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காளும் மகளும் சுகம். தங்கள் சுகமும், தங்கள் மனைவி மக்கள் சுகமும், புதிதாக வந்திருக்கும் பதவியின் சுகமும் அறிய ஆவல். பதவிக்கு வந்தவரை 'நீ' என்று எழுதலாமா கூடாதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகையால் தற்போதைக்குத் 'தாங்கள்' என்று எழுதுகிறேன். நடுவில் வழுக்கினால் பொறுத்துக்கொள்ளவும்.

நிற்க. போன தடவை வீட்டுக்கு வந்தபோது தாங்கள் என்னை மாடிப்படிக்குக் கீழே தனியாக இழுத்துக்கொண்டு போய், "அத்தான், உங்க பொண்ணு வேலை பாக்கற பல்கலைக்கழகத்துல கொசுவை வெச்சு என்னமோ ஆராய்ச்சியாம். எல்லாம் ஜனங்க வரிப்பணம். அடுத்த கூட்டத்துல அதை வெட்டணும்னு தீர்மானம் வருது. அங்க என்னதான் நடக்குதுன்னு உங்க கண்ணால பாத்து எழுதுங்க. உங்க கண்ணு பொய் சொல்லாது" என்று கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா, அந்தக் காரியம் முடிந்தது. ஒப்புக்கொண்டபோது நானும் தங்கள் கட்சிதான். கொசுவை அடிக்கக் கை போதும், பல்கலைக்கழகம் எதற்கு என்பது என் எண்ணம். எலி அம்மணமாக ஓடினால் ஏன் ஓடுகிறது என்று கேட்காமல் விடுகிற ஆள் நான் இல்லை என்பதும் தங்களுக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவன் தூங்குகிறானா, தூங்குவதுபோல நடிக்கிறானா என்று கண் இமையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தவன்.

ஆனால் நான் ஆராய்ச்சியைத் தேடிப் போவதற்கு முன்னால் ஆராய்ச்சியே என் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் சாக்ஸ் காணாமல் போக ஆரம்பித்தது. ஓய்வு பெற்றாலும் நான் ஷூவும் சாக்ஸும் போடாமல் தபால்பெட்டிவரைகூடப் போவதில்லை. தோய்த்து மடித்து வைத்தது போனாலாவது திருடன் என்று நினைக்கலாம். போனதெல்லாம் நாள் முழுக்கப் போட்டுக் கழற்றி எறிந்த அழுக்கு சாக்ஸ், அதுவும் ஜோடியில் ஒன்று மட்டும். முதலில் மாடிவீட்டுக்காரரின் நாயைச் சந்தேகித்தேன், பிறகு மாடிவீட்டுக்காரரையே சந்தேகித்தேன், அவருக்கும் கால் இரண்டாயிற்றே, ஒற்றை சாக்ஸ் எதற்கு என்று விட்டுவிட்டு, சலவை இயந்திரத்தின் பின்பக்கத்தைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். அது அன்றிலிருந்து சுற்றுவதில்லை. உங்கள் அக்காளிடம் போலீசுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "உங்க சாக்ஸைத் திருடறவன் ஒருத்தன் இருந்தா அவனை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். அந்தப் பதிலும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. கடைசியில் ஒரு காலைவேளையில் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறேன், நான் பெற்ற பெண்ணே ஒரு இடுக்கியால் என் சாக்ஸைத் தூக்கி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றுப் போகாமல் வாயை ஒட்டி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? ஓசைப்படாமல் அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். டிக்கெட் வாங்கினேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அந்தக் கட்டடத்தைப் பற்றித் தாங்கள் என்ன நினைத்திருக்கிறீர்களோ தெரியாது. வரிப்பணம் கொட்டுகிற இடம் என்றால் தரையில் முகம் தெரியும் என்று நினைத்துப் போனேன். நடைவழியில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே ஒரு வாளி. கதவு நிற்காத குளிர்பெட்டிக்குக் கயிற்றுக்கட்டு. நாற்காலி ஒன்றுக்கு மூன்று கால், நாலாவதற்குப் பழைய புத்தகங்கள். நுண்ணோக்கிக்குப் போர்த்தியிருந்த உறை என் மகளின் பழைய பாவாடை என்பதைப் பூவை வைத்து அடையாளம் கண்டேன். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு ஏழையாக நடிக்கிறவர்கள் எங்கேயோ பெரிதாகப் பதுக்கியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, பதுக்கிய இடத்தைத் தேடினேன். அப்போது ஒரு கதவில், 'இந்தக் கதவை மூடிய பிறகே அடுத்த கதவைத் திறக்கவும்' என்று எழுதியிருந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் இப்படி எழுதுவானா? இரண்டையும் ஒன்றாகத் திறந்தேன்.

மாப்பிள்ளை, அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. உள்ளே இருந்தது கொசு. கொசு என்றால் நம் வீட்டுக்கு வருகிற மாதிரி நாலைந்து இல்லை, புகையாக வந்தது. நடைவழியில் இருந்தவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், அவர்தான் அங்கே தலைமைப் பேராசிரியை என்று பிறகு தெரிந்தது, வலையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக, கொசுவை நோக்கி ஓடினார். அவர் நெற்றியெல்லாம் தடித்துவிட்டது. நான் நடுவில் சிலைபோல நிற்கிறேன், என்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. அந்த அம்மாள் வலையோடு என் முன்னால் வந்து நின்று, மேலும் கீழும் பார்த்து, "சார், உங்களை ஒண்ணுமே கடிக்கலையா?" என்றார். இவ்வளவு சந்தேகத்தோடு என்னை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து, "அப்பா! நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று என் மகள் குரல். "நீ என் சாக்ஸை என்ன பண்றே?" என்றேன் நான். அந்தப் பேராசிரியை வலையைக் கீழே போட்டுவிட்டு, "ஓ, அந்த சாக்ஸ் நீங்கதானா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாக்ஸை வைத்து என்னைத் தெரிந்துகொண்ட முதல் மனுஷி.

பிறகு காட்டினார்கள். ஒரு கண்ணாடிக் குழாய், இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் உங்கள் அக்காளின் தலையணை உறை. அதுவும் களவுதான், அதை நாங்கள் இன்னும் தேடவில்லை. மறு கிளையில் என் சாக்ஸ். நடுவில் கொசுவை விட்டால் அத்தனையும் தலையணை உறைக்குப் போய் அப்பிக்கொள்கிறது. என் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரே அறையில, ஒரே கட்டில்ல தூங்கறீங்கப்பா. அம்மாவை மட்டும் ஏன்? அதைத்தான் தேடறோம்" என்றாள் மகள். போன மழைக்காலத்தில் உன் அக்காள் கொசுக்காய்ச்சலில் கிடந்த கிடையை நீயும்தான் பார்த்தாய். இவள் உடம்பு அனலாகக் கொதிக்க, பக்கத்துக் கட்டிலில் இருந்த சின்னப் பெண்ணின் மேல் துணி போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாய். நானும்தான். டாக்டரிடம் போய், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, நல்ல மருந்தாகக் கொடுங்கள் என்றதற்கு, "இந்தக் காய்ச்சலுக்குன்னு தனியா மருந்து இல்லைங்க. தண்ணி குடுத்துட்டு இருங்க. பாக்கலாம்" என்றாரே, அந்தப் 'பாக்கலாம்' நம் இரண்டு பேருக்கும் என்ன செய்தது? என் மகள் அதைக் கேட்டுவிட்டு அழவில்லை. நேரே இந்தக் கொசு அறைக்குள் போனவள்தான்.

இருந்தாலும் நான் வந்த வேலையை விடவில்லை. பேராசிரியையைக் குறுக்கு விசாரணை செய்தேன். "கண்டுபிடிச்சாச்சா?" "இல்லைங்க." "எப்பக் கண்டுபிடிப்பீங்க?" "தெரியாதுங்க." "கண்டிப்பாக் கண்டுபிடிப்பீங்களா?" "அதுவும் தெரியாதுங்க. சாக்ஸா, காலா, நீங்க போடற சோப்பான்னே இன்னும் தெரியல. புது சாக்ஸ், வேற சோப்பு, வேற கால்னு திரும்பத் திரும்பப் பாக்கணும்." ரயிலில் திருட்டுப் பயணி எவனும் இப்படிப் பதில் சொன்னதில்லை. கள்ள டிக்கெட் வைத்திருப்பவனிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும். தெரியாது என்பதை இவ்வளவு தைரியமாகச் சொல்கிற ஒருவரை என்ன குற்றம் சாட்டுவது என்று எனக்குப் புரியவில்லை.

பதில் தயாராக வைத்திருந்தவர் அதற்கப்புறம் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவர் பூசியிருந்த வாசனை வந்ததாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மூக்கு வேலை செய்வதில்லை, எஞ்சின் புகை அதை எப்போதோ தின்றுவிட்டது. கொசுவத்தியும் கொசு எண்ணெயும் விற்கிற ஒரு கம்பெனி ஆள். மூன்று கால் நாற்காலியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து, புதுக் கட்டடம், புதுக் கருவி, எல்லாம் நாங்களே செய்து தருகிறோம் என்றார். "ஒண்ணே ஒண்ணுதான். இந்த சாக்ஸ் விஷயம் எங்களோடதா இருக்கணும். வெளியில பேசக் கூடாது. அடுத்த மழைக்குள்ள கடைக்கு வந்துடணும்." பேராசிரியை, இன்னும் சோதிக்க வேண்டுமே என்றார். "விளம்பரத்துக்கு இவ்வளவு போதும்மா." "ஒருவேளை பலிக்காதுன்னு முடிவு வந்தா?" "அப்படி முடிவு வராதுங்க" என்றார், கொஞ்சம்கூடக் கண் சிமிட்டாமல். என் மகள், "வாங்க முடியாதவங்களுக்கு?" என்று கேட்டாள். "அவங்க எங்க வாடிக்கையாளர் இல்லையேம்மா." இதற்குப் பிறகும் அந்த அம்மாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார், மாப்பிள்ளை. எடுத்துவிட்டு என் மகளிடம் தணிந்த குரலில், "நிதிக்குழு வெட்டிட்டா இந்தக் கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணி வாங்கக்கூட வழியில்லை. என்னை என்ன பண்ணச் சொல்றே?" என்றார். உடனே அந்த வாசனைக்காரர் சிரித்துக்கொண்டே, "அந்தக் குழு விஷயத்தைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. அது எப்படி முடியும்னு எங்களுக்குத் தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும்? அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "சாக்ஸ் என்னோடது! நான் தரமாட்டேன்!" என்று எழுந்து, கண்ணாடிக் குழாய்க்குள் கையை விட்டுப் பிடுங்கினேன். சாக்ஸ் வந்தது. கூடவே கொசுவும் வந்தது. இந்தத் தடவை அது யாரிடம் போவது என்று யோசிக்கவே இல்லை, நேராக அந்த வாசனைச் சட்டைக்குப் போனது. ஆய்வகக் கொசு, அதற்கு நோய் கிடையாது என்று அந்த அம்மாள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார், அந்த வாசனைக்காரர் கேட்க நின்றால்தானே? வாளியைத் தட்டிவிட்டு, படிகளில் உருளாத குறையாக இறங்கி, காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டபோது உள்ளேயும் நாலைந்து போயிருந்தன. பேராசிரியை மூச்சு வாங்கத் திரும்பி வந்து பேனாவை மூடி வைத்தார். சந்தோஷப்பட்டாரா என்று சொல்ல முடியாது. ஒரு புதுக் கட்டடம் காரில் ஏறிப் போவதைப் பார்த்தவர் முகமாகத்தான் இருந்தது.

ஆகவே என் அறிக்கை இதுதான். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். பேராசிரியர்களையும் நம்பவில்லை, அவர்களிடம் கணக்குக் கேள், அடிக்கடி கேள், கூட நானும் வருகிறேன். ஆனால் கொசு இருக்கிறவரைக்கும்தான் கொசுவத்திக்காரன் வீட்டில் அடுப்பு எரியும். கொசு ஏன் கடிக்கிறது என்ற கேள்வியை அவன் கையில் கொடுத்தால் அவன் எதைக் கண்டுபிடிப்பான்? விடை எதுவானாலும் சரி என்று ஒருத்தர் உட்கார்ந்து தேட வேண்டுமென்றால் அவருக்குச் சோறு போடுகிறவன் அந்த விடையில் பங்கு கேட்காதவனாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் ஊர் முழுக்கத் தேடினாலும் வரி கட்டுகிற பொதுஜனம் ஒருத்தன்தான். அவனுக்கு வேண்டியதெல்லாம் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் இருந்து நடந்து வெளியே வருவதுதான். அந்தத் தீர்மானத்துக்கு நீ எதிராகக் கை தூக்க வேண்டும். தீர்மானம் கொண்டுவந்தது யார், அந்த வாசனைக்காரர் யாரிடம் பேசினார், போன மாதம் உன் வீட்டு வாசலில் புதிதாக நின்ற குளிர்சாதனப் பெட்டி எந்தக் கடையில் வாங்கியது என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. உன் அக்காளிடமும் சொல்லவில்லை. இதுவரை.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளும், கொசுக்கடி இல்லாத தூக்கமும், தெளிந்த புத்தியும் உண்டாகட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தில் சந்தேகமில்லாத அக்கறை கொண்ட,
அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் உன் அக்காள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். கல்யாணமான புதிதிலிருந்தே என் கால் நாற்றம் தாங்காமல், எனக்கு மூக்கும் இல்லை என்ற தைரியத்தில், தினமும் என் ஷூவுக்குள் யூகலிப்டஸ் எண்ணெய் ஊற்றி வருகிறாளாம். இன்றுவரை ஒரு நாள் தவறவில்லையாம். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு, "அதுதான் அப்பா வாசனைன்னு நினைச்சுட்டேனேம்மா!" என்றாள். பேராசிரியைக்குப் போன் போட்டால் அவர், "நல்லவேளை, கையெழுத்துப் போடல" என்று சொல்லிவிட்டு, என்ன எண்ணெய், எத்தனை சொட்டு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாராம். ஆகையால் மேலே என் காலைப் பற்றிப் பெருமையாக எழுதியது அனைத்தையும் அடித்துவிடவும். அரசாங்கப் பணத்தில் என் பெண்டாட்டியின் எண்ணெயை ஆராய்ந்தார்கள் என்று சபையில் யாராவது சிரித்தால், நீயும் கொஞ்சம் சிரித்துவிட்டு, கையை மட்டும் நான் சொன்னபடி தூக்கு. இன்னொன்று, இது நமக்குள் இருக்கட்டும். இத்தனை வருஷம் ஷூவுக்குள் ஊற்றியதைப் பற்றி மூச்சு விடாதவள் என் காப்பிக்குள் என்ன ஊற்றிக்கொண்டிருக்கிறாளோ? அடுத்த தடவை வரும்போது நைசாகப் பேச்சுக் கொடுத்துக் கேட்டுச் சொல்.