அக்காவின் கிட்னி எனக்கு வேண்டாம்

இரும்புலியூர்,
21-9-1991

அக்கா நாகலக்ஷ்மிக்குத் தம்பி வைத்தீஸ்வரன் அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. அத்திம்பேருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும். இவ்விடம் அனைவரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ஆனால் கணக்கு வாத்தியார் தப்பு விடை எழுதக் கூடாது. உன் தம்பி பெண்டாட்டி ஞானாம்பாள் சௌக்கியம். என் கால் வீக்கம் காலையில் குறைச்சல், சாயங்காலம் கூடுதல். நாக்பூரில் மழை உண்டா?

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. "எனக்கு ரெண்டு இருக்கு, உனக்கு ஒண்ணு தரேன்" என்று தோசையைப் பங்கு போடுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். கிட்னி அக்கா, கிட்னி! வருஷா வருஷம் கனுப்பொங்கலன்று மஞ்சள் சாதமும் சிவப்பு சாதமும் வைத்து, என் பெயரைச் சொல்லிக் காக்காயைக் கூப்பிடுகிறாய். பதிலுக்கு நான் ஒரு புடவை அனுப்புகிறேன். அதுதான் நம் வீட்டு முறை. கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்க வேண்டியவன் நான். அவள் வயிற்றைக் கீறி வாங்கிக்கொள்வது எந்த ஊர் சீர்? இதை நீ எழுதியபோது அத்திம்பேர் வீட்டில் இருந்தாரா, ஆபீஸ் போயிருந்தாரா?

தவிர, எனக்கு அது தேவையே இல்லை. இங்கே ரயில்வே கேட் பக்கத்தில் பொன்னுரங்கம் என்று ஓர் ஆயுர்வேத வைத்தியர் இருக்கிறார். நாடியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று ஞானாம்பாள் இருமிப் பார்த்தாள். வீக்கத்துக்கு மூக்கிரட்டை வேரும் நெருஞ்சிலும், படபடக்கும் நெஞ்சுக்கு மருதம்பட்டை. எட்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். அந்த ஒரு டம்ளரைக் குடித்தால், எட்டு டம்ளர் கசப்பும் ஒன்றுகூடக் குறையாமல் நாக்கில் இறங்குகிறது. சாப்பாட்டில் உப்பு கிடையாது. ஞானாம்பாளும் எனக்காக உப்பை விட்டுவிட்டாள். வேண்டாமென்றால் கேட்கிறாளா? அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்கிறாள். அடுப்பு அணைந்திருக்கும்போதும் புகை என்கிறாள்.

மூக்கிரட்டை பச்சையாக, வேரோடு வேண்டும் என்றாரா, எதிரே காலி மனையில் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறதே என்று சின்னக் கடப்பாரையோடு விடியற்காலையில் போனேன். நல்ல வேர் எல்லாம் எல்லைக்கல்லை ஒட்டித்தான் முளைத்திருக்கிறது. நான் குத்தினேன், கல் ஆடியது, மனைக்காரர் ஜெயவேலு லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா சார், வாத்தியாரா இருந்துகினு கல்லைப் புடுங்கறே? அரை அடி தள்ளி நடலாம்னு பாக்கறியா?" கூட்டம் கூடிவிட்டது. முப்பது வருஷம் தேற்றம் நிரூபித்த எனக்கு, நான் நிலத் திருடன் இல்லை என்று நிரூபிக்க வழி தெரியவில்லை. வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினேன். கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, அப்படியே நின்றது. ஜெயவேலு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவுக்கும் இப்டித்தான் சார் வீங்கிச்சு" என்று சொல்லி, கடப்பாரையை வாங்கி அவரே தோண்டிக் கொடுத்தார். அவர் அப்பாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவர் சம்சாரம் கிளியம்மாள் வாழைத்தண்டும் இளநீருமாகக் கொண்டுவந்து இறக்கினாள். "கிட்னிக்கு இத்த மாதிரி மருந்தே இல்ல சார்" என்று பக்கத்திலேயே நின்று குடிக்க வைத்தாள். அன்பாகக் கொடுப்பதை எப்படித் தட்டுவது? நாலு நாள் குடித்தேன். ஐந்தாம் நாள் ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் இரண்டு பக்கம் போட்டேன். மூன்றாவது பக்கம் போடுவதற்குள் நெஞ்சு தடுமாறி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். கிட்னியில் கல் அடைத்தவனுக்குத்தான் வாழைத்தண்டாம். கிட்னி கெட்டவனுக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் வெளியேறாமல் இதயத்தையே நிறுத்திவிடுமாம். பாவம் கிளியம்மாள், வாசலில் உட்கார்ந்து அப்படி அழுதாள். நான்தான் சமாதானம் சொன்னேன்.

நியாயமாகப் பார்த்தால் வைத்தியர் வெட்கப்பட வேண்டும். அவரோ என்னைத் திட்டினார். "கசாயம் மட்டுந்தான சார் குடுத்தேன்? இளநி யாரு குடிக்கச் சொன்னது? இதோ பாரு, வீக்கம் கொஞ்சம் வடியறதுக்கு என்கிட்ட மருந்து கீது. செத்துப்போன கிட்னிய உயிர் புடிக்க வைக்கிறதுக்கு இல்ல. உங்கக்கா குடுக்கறேன்னு சொல்லுதுல்ல? கம்முனு வாங்கிக்க." ஒரு வைத்தியர் பேசுகிற பேச்சா இது? கூட வந்து, உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவைத்த ஞானாம்பாள், "அவர் சொல்றது நன்னா காதுல விழுந்துதான்னா?" என்று என்னைப் பார்த்தாள். விழவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு வைத்தியர் பார்ப்பதாக இருக்கிறேன்.

ஆகவே அக்கா, நீ லீவு போட வேண்டாம், டிக்கெட் எடுக்க வேண்டாம். உன் உடம்பு உன்னோடு முழுசாக இருக்கட்டும். இது என் தீர்மானமான முடிவு. நீயும் அத்திம்பேரும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருநீர்மலைப் பெருமாளை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி
வைத்தீஸ்வரன்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகிற வழியில் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கினேன். இனி மருந்தால் ஆகாதாம். "கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒரு அக்கா இருக்கா சார், கூப்பிட்டா வந்துடுவா" என்று சொல்லி, அங்கேயே அழுதுவிட்டேன். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது அக்கா. வந்துவிடு.